நிலமளந்த லாம்டன்

கொல்லிமலை உச்சியில் நிற்போர்க்குக் கீழே சமவெளியும் தொலைவிலுள்ள குன்றுகளும் புலனாகும். அத்தகைய உயர்ந்த இடங்களிலிருந்து கோணங்களை அளந்து, இந்நாட்டு நிலப்பரப்பைத் துல்லியமாகக் கணிக்கத் தொடங்கியவர் வில்லியம் லாம்டன்.

ஆங்கிலப் படை அலுவலரான அவர், 1799-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டணப் போரில் பங்குகொண்டவர். போர் முடிந்தபின் நில அளவையில் அவருள்ளம் சென்றது. அதற்கென இலண்டனில் செய்யப்பெற்ற தியோடலைட் என்னும் கருவி, தொலைநோக்கியும் 36 அங்குல வட்டமும் உடையது. எடை அரை டன். கடல்வழி வருங்கால் பிரெஞ்சுக்காரர் அதனைக் கைப்பற்றி மொரீசியசுத் தீவுக்குக் கொண்டுசென்றனர். அறிவியற் கருவி என்று அறிந்தபின், பகைமை பாராட்டாது சென்னைக்கு அனுப்பினர். 1802-இல் பரங்கிமலை அருகே அளவைப்பணி தொடங்கியது.

தஞ்சைச் சமவெளியில் மலையில்லை. ஆதலின் 1808-இல் பெரிய கோயில் விமானத்தின்மேல் கருவியை ஏற்றினர். கயிறு அறுந்தது, கருவி சுவரில் மோத, வட்டம் நெளிந்தது. பல்லாண்டு உழைப்பு அன்றே நின்றுபோகும் நிலை நேர்ந்தது. லாம்டன் தளர்ந்திலர். கூடாரத்துள் தலைமைக் கம்மியரை மட்டும் உடன்கொண்டு, கருவியைப் பகுதி பகுதியாகப் பிரித்தார். பலகையில் உரிய அளவில் வட்டம் வெட்டி, ஆப்பும் திருகாணியும் கப்பியும் கொண்டு, நெளிந்த விளிம்பைச் சிறிது சிறிதாக இழுத்து அதனுட் பொருத்தினார். ஆறு வாரங்களில் அது ஏறக்குறைய முன்னை வடிவம் பெற்றது.

1823-இல் இங்கன்காட் என்னுமூரில், பணியிலிருக்கும்போதே அவர் மறைந்தார். அவர்தம் துணைவர் எவரெசுட்டு அப்பணியை இமயம் நோக்கி நடத்திச் சென்றார். நெளிந்து நிமிர்ந்த அக்கருவி தேராதூனில் போற்றிக் காக்கப்படுகிறது. பழுதுற்றதைக் கைவிடாது திருத்தும் பொறுமையே பெருஞ்செயலுக்கு அடிப்படை என்பதை அது நமக்கு உணர்த்தும்.