நாகசுரத்துக்கு ஓர் ஆசனம்

எங்கள் வாவிக்கரைக் கோயிலில் இவ்வாண்டு ஐந்தாம் திருவிழா முடிந்த இரவு. சுவாமி வீதியுலா நிறைவெய்தி இருப்பிடம் சேர்ந்துவிட்டார். நாகசுரக் குழுவினர் கருவிகளை உறையிலிட்டுக்கொண்டிருந்தனர். வாவியிலிருந்து குளிர்காற்று வீசிற்று. அன்று அவர்கள் வாசித்த தோடி செவியை விட்டு நீங்காத நிலையில், மண்டபப் படியில் அமர்ந்திருந்த அன்பர் சிலரிடையே ஒரு வழக்கு எழுந்தது.

தோடி என்றதும் நம்மவர் நாவில் முதலில் வரும் பெயர் திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையினுடையது. அன்றும் அப்பெயரே வந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், எனக்கு மூத்தவர், இசையை மெச்சினார்; மனிதரை மெச்ச மறுத்தார். செருக்கும் ஆடம்பரமும் மதுவும் குடிகொண்ட நெஞ்சிலிருந்து இத்தகைய நாதம் பிறந்தது இறைவனின் விளையாட்டே என்றார். திருநீலகண்ட யாழ்ப்பாணரையும் துணைக்கு அழைத்தார். தருமபுரத்திலே, சம்பந்தர் பாடிய பதிகம் தம் யாழில் அடங்காமை கண்டதும் அக்கருவியையே உடைக்க ஓங்கிய பாணரின் பணிவு எங்கே, மேடையும் மரியாதையும் கேட்டு வாதாடிய இவருடைய போக்கு எங்கே என்பது அவர் வினா. இசை பயிலும் இளைஞர் ஒருவர் இதனை ஏற்கவில்லை. பிள்ளையவர்கள் செய்தவை யாவும் தம் இனத்தாரின் தாழ்வைப் போக்கவே செய்யப்பட்டவை. அவரைச் செருக்கர் என்பார் பழைய ஆண்டைகளின் கண்ணாற் பார்க்கிறவர் என்று அவர் வெகுண்டார். முடிவில் இருவரும் என்பக்கம் திரும்பி, பண்டிதர் என்ன சொல்கிறார் என்று கேட்டனர். அன்றிரவு என்னால் விடை கூற இயலவில்லை. இக்கட்டுரை அவ்விடைக்கான முயற்சியாகும்.

முதலில் வாழ்க்கையை நோக்குவோம். இராஜரத்தினம் பிள்ளை 1898ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27ஆம் நாள் சோழநாட்டுத் திருமருகலிலே பிறந்தார். அவரை வளர்த்தவர் தாய்மாமனாகிய நடேச பிள்ளை. அவரும் நாகசுர வித்துவான். திருவாவடுதுறை ஆதீனத்தோடு தொடர்புடையவர். பெயருக்கு முன்னுள்ள இரண்டு எழுத்துக்களில் ஒன்று பிறந்த ஊரையும் மற்றொன்று இம்மாமனையும் குறிக்கும். இளமையிற் பிள்ளைக்குக் கிடைத்த முதற்பயிற்சி வாய்ப்பாட்டு. அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளையிடம் நாகசுரம் பயின்றது பின்னரே. இந்த வரிசையை நாம் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். குரலால் இராகத்தை விரிக்கக் கற்றவர் குழலை எடுத்தார். ஆதலின் அக்குழல் பாடலாயிற்று.

அவர் காலத்துக்கு முன் பெருவழக்கிலிருந்த திமிரி நாயனம் குறுகியது. உச்ச சுருதி உடையது. தெருவெளியில் நெடுந்தூரம் கேட்பதற்கு ஏற்றது. பக்கத்தில் ஒருவர் ஒத்து ஊதிக்கொண்டிருப்பார். பிள்ளையோ அதனினும் நீண்டு, தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பாரி நாயனத்தை நாடினார். நரசிங்கம்பேட்டை இரங்கநாதன் ஆசாரியார் ஆச்சா மரத்தைக் கடைந்து, சுரத்தானங்களைத் திருத்தி, அவர் வேண்டியவாறு கருவியை அமைத்துக் கொடுத்தார். ஒத்தின் இடத்தில் தம்புராச் சுருதியையும் பிள்ளை புகுத்தினார். உரத்து முழங்கிய கருவி, அருகிலமர்ந்து நுணுக்கமாகக் கேட்பதற்கு உரியதாயிற்று. மணிக்கணக்கில் விரிந்த அவருடைய தோடி நாகசுரக்காரரோடு நின்றுவிடவில்லை. ஜி. என். பாலசுப்பிரமணியம் போன்ற பாடகரின் ஆலாபனையிலும் அதன் சாயலைக் காணலாம். அவர் அருகிலமர்ந்து வாசித்துப் பெரும்புகழ் எய்திய மாணாக்கர் காருகுறிச்சி அருணாசலம்.

1940ஆம் ஆண்டு எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய கவி காளமேகம் என்ற படத்தில் பிள்ளை கதைத்தலைவராக நடித்தார். 1947 ஆகஸ்டில் இந்திய விடுதலையையொட்டிப் புதுதில்லியில் ஒலித்த நாகசுரம் அவருடையது. 1955இல் சங்கீத நாடக அகாதமியின் விருது கிடைத்தது. சென்னைச் சங்கீத வித்துவ சபையின் சங்கீத கலாநிதிப் பட்டம் மட்டும் கடைசிவரை அவருக்குக் கிடைக்கவில்லை. 1956 டிசம்பர் 12ஆம் நாள் சென்னையிலே காலமானார்.

இனி வழக்குக்கு வருவோம். செருக்கென்று சொல்லப்பட்டவை எவை? தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டார், மேற்சட்டை அணிந்தார், விரல்களில் வைரம் பூண்டார், மேடையில் அமர்ந்தே வாசிப்பேன் என்றார். இன்று இவற்றைக் கேட்கும் மாணவர்க்கு, இவற்றிற் குற்றம் யாது என்றே தோன்றும். அக்கால வழக்கத்தை அறிந்தால்தான் இவற்றின் பொருள் விளங்கும். நாகசுரக்காரர் செல்வர் முன்னிலையில் மேலாடையை இடுப்பிற் கட்டி, வெற்றுடம்போடு நின்று வாசித்தல் முறையாயிருந்தது. திருமணப் பந்தலில் வாய்ப்பாட்டு வித்துவானுக்கு மேடை உண்டு, விரிப்பு உண்டு. நாகசுரத்துக்கு வாயிற்புறமே இடம். இசை ஒன்றுதான், இராகம் ஒன்றுதான், நிற்பவர் யார், இருப்பவர் யார் என்பதைப் பிறப்பே முடிவு செய்தது. மங்கலம் அவர்களின்றி நிகழாது. மங்கலத்தின் நடுவே அவர்களுக்கு இருக்கை கிடையாது. இம்முரண்பாட்டைப் பலரும் பழக்கத்தால் பொறுத்தனர். பிள்ளை பொறுக்கவில்லை.

எனினும், இளைஞர் கூறியவாறு யாவற்றையும் சீர்திருத்தமாக்கிவிடவும் என் மனம் இடந்தரவில்லை. மதுப்பழக்கம் அவரிடம் இருந்தது. மணங்கள் பல செய்தார். ஈட்டிய பெரும்பொருள் தங்கவில்லை. ஒப்புக்கொண்ட கச்சேரிக்கு நேரத்துக்கு வாராமையும், வந்தபின் மனமின்றி வாசியாமையும் பற்றிச் சோழநாட்டு ஊர்கள் பல கதை சொல்லும். கதைகளிற் பாதியைக் கழித்தாலும் மீதி நிற்கும். காத்திருந்த ஊராரின் ஏமாற்றமும், துணை வந்த கலைஞரின் இழப்பும் உண்மையானவை. பெருங்கலைஞர் என்பதனால் அவ்வேமாற்றம் இல்லையாகிவிடாது. அன்பினால் குற்றத்தைக் குணமென்று பெயர் மாற்றுதல் அவருக்கும் பெருமையன்று, நமக்கும் அழகன்று.

இவ்விடத்தில் எம்மனோர் வள்ளுவரை நாடுவர். ஒருவரின் குணத்தையும் குற்றத்தையும் எடைபோட்டு, மிகுந்தது எதுவோ அதனைக் கொள்ளுமாறு அவர் அறிவுறுத்தவில்லையா என்பர். உண்மைதான். ஆனால் அக்குறள் அமைந்திருப்பது தெரிந்துதெளிதல் அதிகாரத்தில். அரசன் ஒரு பொறுப்புக்கு உரியவனைத் தேர்ந்தெடுக்கும்போது கொள்ள வேண்டிய முறை அஃது. இராஜரத்தினம் பிள்ளையை நாம் எப்பதவிக்கும் தேரப்போவதில்லை. 1956இலே கணக்கு முடிந்துவிட்டது. அவரைத் தராசில் ஏற்றி நாம் பெறப்போவது யாது?

நெஞ்சின் நோக்கமோ இன்னும் அரிய பொருள். தமக்கு வசதி வேண்டி மேடை கேட்டாரா, தம் இனத்தார்க்கு மதிப்பு வேண்டிக் கேட்டாரா என்பதை அருகிலிருந்தவரும் அறிந்திருத்தல் அரிது. இரண்டும் கலந்தே இருந்திருக்கலாம். காலில் முள் தைத்தவன் அதனைப் பிடுங்கும்போது பாதையின் நலம் கருதியா பிடுங்குகிறான்? எனினும் பின் வருவோர்க்கு அம்முள் இல்லை. கேட்டவர் எதற்காகக் கேட்டார் என்பதை விடுத்து, கேட்க வேண்டிய நிலையில் அவரை வைத்தவர் யாவர் என்று வினவினால், வழக்கு வேறு முகம் கொள்கிறது.

யாழ்ப்பாணரை மூத்தவர் சான்றுக்கு அழைத்தார் அல்லவா? அவர் வரலாற்றை முழுவதும் படிப்போம். பெரியபுராணத்திலே, பாணர் மதுரை ஆலவாய்த் திருக்கோயிலின் வாயிலில் நின்றே யாழ் இசைத்தார். இறைவன் அடியார் கனவில் தோன்றி அவரை உள்ளே அழைப்பித்தான். தரையிலிருந்து வாசித்த அவருக்கு, நிலத்தின் ஈரம் யாழைக் கெடுக்கும் என்று கூறிப் பொற்பலகை இடுவித்தவனும் அவனே. ஆரூரில் அவருக்காக வடபால் வேறொரு வாயில் அமைந்தது. சாத்தமங்கையிலே, அந்தணராகிய திருநீலநக்கர் தம் வீட்டு வேள்விச் சாலையருகே பாணருக்கும் அவர் மனைவியாருக்கும் இடமளித்தார்; வேள்வித்தீ வலஞ்சுழித்து எழுந்தது என்பது சேக்கிழார் வாக்கின் கருத்து. இராஜரத்தினம் பிள்ளை பிறந்த திருமருகலுக்கு அச்சாத்தமங்கை அயலூர்.

பாணர் பணிந்தே இருந்தார், பலகை கேட்கவில்லை. ஆனால் அவருக்காகக் கேட்பதற்கு இறைவன் இருந்தான். இடமளிக்க நீலநக்கர் இருந்தார். உடனழைத்துச் செல்லச் சம்பந்தர் இருந்தார். அத்தகையோர் இல்லாத காலத்திலே கலைஞன் தானே வாய்திறந்து கேட்க வேண்டியதாயிற்று. தானே கேட்டால் அதற்குச் செருக்கு என்று பெயர்.

நம் காரைதீவு தந்த விபுலாநந்த அடிகள் யாழ் நூலை அரங்கேற்றியதும் சோழநாட்டிலேதான். 1947 ஜூன் மாதம், திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில். அடுத்த மாதம் 19ஆம் நாள் அடிகள் மறைந்தார். அதற்கடுத்த மாதத்திலே பிள்ளையின் நாகசுரம் தில்லியில் ஒலித்தது. ஒருவர் துறவி, மற்றவர் உலகின்பம் அனைத்தையும் விரும்பியவர். இருவரையும் ஒரு தட்டில் வைக்க யான் துணியேன். ஆயினும், மன்னர் அவையில் மதிப்புற்றிருந்த பாணர் மரபும் அவர் கைக்கருவியும் எவ்வாறு மறைந்தன என்று யாழ் நூலைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் கேட்கும். கலைஞனைத் தாழ்த்திய சமூகம் கலையையும் மெல்ல இழக்கும் என்பதை யாழின் கதை காட்டுகிறது. நாகசுரம் அக்கதியை அடையாமைக்குப் பல காரணங்கள் இருக்கலாம். இராஜரத்தினம் பிள்ளையின் பிடிவாதம் அவற்றுள் ஒன்று.

இத்துணையும் எழுதியபின் ஒன்றை மறைத்தல் முறையன்று. அன்றிரவு யான் வாய்திறவாமைக்குக் காரணமும் அதுவே.

பல ஆண்டுகளுக்கு முன், ஊர்க்கோயில் ஒன்றின் திருவிழாக் குழுவில் யான் செயலாளனாக இருந்தேன். வடக்கிலிருந்து வந்த நாகசுர வித்துவான் ஒருவர், முதுமை நெருங்கியவர், என்னை அழைத்து, வாசிக்கும் இடத்திற் சிறிது உயரமாகப் பலகை போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். வாவியோரத்து மணல் இரவில் ஈரமாகும். பனியில் தவிலின் தோல் தளர்ந்துவிடும் என்றும் சொன்னார். வண்ணக்கரிடம் யான் அதனைக் கொண்டுசெல்லவில்லை. வந்த இடத்திற் சிம்மாசனம் கேட்கிறார் என்று நண்பரிடம் நகைத்தேன். அவர் பத்து நாளும் மணலிற் பாய் விரித்தே வாசித்தார். தவில்காரர் அடிக்கடி எழுந்து சென்று, எரியும் சூளருகே தோலைக் காய்ச்சிவந்தார். யான் அதனைக் கண்டும் காணாதவன் போலிருந்தேன்.

அவ்வாண்டின் இறுதியிலே, யாழ்ப்பாணர் புராணத்தை வகுப்பிற் பாடஞ்சொல்லிக்கொண்டிருந்தேன். நிலத்தின் ஈரம் என்ற இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. அப்பகுதியை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். சொற்பிரித்துப் பொருள் கூறியிருக்கிறேன். மாணவி ஒருத்தி எழுந்து, கோயிலில் அத்தனை அடியார் இருந்தும் ஈரம் அவர்களில் ஒருவர் கண்ணிலும் படவில்லையா என்று கேட்டாள். அவளுக்கு ஏதோ விடை சொல்லி அமர்த்தினேன். எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஒரு விடையும் அகப்படவில்லை.

அடுத்த ஆண்டு பலகைமேடை அமைப்பித்தேன். அவ்வித்துவானுக்குக் கடிதமும் எழுதினேன். வேறிடத்தில் ஒப்புக்கொண்டிருப்பதாக அவரிடமிருந்து பணிவான மறுமொழி வந்தது. அவர் மீண்டும் எங்கள் பக்கம் வரவில்லை. அவர் நற்குணமுடையவரா, செருக்குடையவரா என்பது எனக்குத் தெரியாது. அவர் கேட்டது நியாயம் என்பது மட்டும் தெரியும்.

மூத்தவருக்கும் இளைஞருக்கும் யான் சொல்லக்கூடியது இவ்வளவே. இராஜரத்தினம் பிள்ளையின் குற்றங்களை மறைக்க வேண்டா. அவற்றைப் புகழாக்கவும் வேண்டா. அவர் நெஞ்சை அளக்கும் வேலையை அவரைப் படைத்தவனிடம் விட்டுவிடுவோம். நாளை மறுநாள் எட்டாம் திருவிழா. குழுவினர் மாலையிலேயே வந்துவிடுவர். அவர்கள் உடைமாற்ற ஓர் அறையும், உண்ணப் பந்தியில் நமக்கு முன்னே ஓர் இடமும் உண்டா என்பதை இருவருமாகச் சென்று பார்த்து வந்தால், வழக்கின் மீதியைப் பிறகு பேசிக்கொள்ளலாம். யானும் உடன் வருகிறேன்.