தெருவோர மனிதருக்கு அறை தேடிய பாதிரியார்

எர்லாங்கன் நகரில் நத்தார் காலம் அழகானது. அரண்மனைச் சதுக்கத்தில் மரக்கடைகள் எழும்பும், விளக்குகள் ஒளிரும், வறுத்த பாதாமின் வாசம் தெருவெங்கும் வரும். ஆனால் டிசம்பர் 24 மதியத்துக்குப் பிறகு கடைகளும் நூலகமும் அலுவலகங்களும் பூட்டப்பட்டுவிடும். வீடு உள்ளவர்களுக்கு அது விடுமுறை. வீடில்லாதவருக்கோ, கொஞ்ச நேரம் உட்கார்ந்து குளிர் காயும் இடங்களெல்லாம் ஒரே நாளில் மூடப்படும் காலம்.

இந்த நகரம் அகதிகளை அறியாத நகரம் அல்ல. பிரான்சிலிருந்து மதத்துக்காகத் துரத்தப்பட்ட ஹியூகனோட் மக்களுக்காக 1686இல் கட்டத் தொடங்கியதுதான் இதன் புதிய பகுதி. அதே நகரின் பல்கலைக்கழகத்தில் 1850களில் இறையியல் படித்தவர்களில் ஒருவர் பிரீட்ரிக் வொன் போடெல்ஷ்விங். ஜேர்மனியில் வீடற்றவர்களுக்கான உதவி என்று பேசினால் அவர் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது.

1831 மார்ச் 6இல் வெஸ்ட்பாலியாவில் பிரபுக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை பிரஷ்ய அரசின் அமைச்சர். சிறுவனாக இருந்தபோது பிற்காலப் பேரரசர் மூன்றாம் பிரீட்ரிக்கின் விளையாட்டுத் தோழன். இப்படிப் பிறந்தவர் பாதிரியாராக வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பொமரேனியாவில் ஒரு பெரிய பண்ணையை நிர்வகித்தபோதுதான் கூலிகளின் வறுமையை அருகிருந்து கண்டார். ஒரு சீனச் சிறுவனைப் பற்றிய சிறு பிரசுரம் அவரை உலுக்கியது. வெளிநாட்டுக்கு ஊழியம் செய்யப் போவதென்று முடிவெடுத்து, பாசல், எர்லாங்கன், பேர்லின் ஆகிய நகரங்களில் படித்தார்.

ஆனால் 1858இல் அவர் போய்ச் சேர்ந்த இடம் பாரிஸ். அங்கே ஜேர்மனியிலிருந்து பிழைக்க வந்த ஏழைகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். தெருக் கூட்டினார்கள், குப்பையில் கந்தல் பொறுக்கினார்கள். மொழி தெரியாது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. லா வில்லெட் பகுதியில் அவர்களுக்காகத் தேவாலயமும் பள்ளியும் எழுப்பினார். நம்மவர் கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்குப் பக்கத்துப் பகுதிதான் அது. அன்று அந்நியராக நின்று தெருக் கூட்டியவர்கள் ஜேர்மானியர்கள் என்பதை நம் பிள்ளைகளும் தெரிந்துகொள்ளட்டும்.

1864இல் நாடு திரும்பி ரூர் பகுதியில் டெல்விக் என்ற ஊரில் பாதிரியாரானார். 1869 ஜனவரியில் கக்குவான் நோய் வந்தது. இரண்டு வாரங்களுக்குள் அவருடைய நான்கு பிள்ளைகளும் இறந்துபோனார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் நம்மிடையே பலர். அந்தத் துயரத்துக்கு விளக்கம் வேண்டாம். அதன் பிறகு அவர் மற்றவர்களின் வலியை வேறு விதமாகப் பார்த்தார் என்று அவரை அறிந்தவர்கள் எண்ணினார்கள். பின்னர் அவருக்கு வேறு நான்கு பிள்ளைகள் பிறந்தனர்.

1872இல் பீலபெல்ட் நகரில் வலிப்பு நோயாளருக்கான இல்லத்தைப் பொறுப்பேற்றார். அதுவே பெத்தேல் என்ற பெயரில் பெரிய ஊராக வளர்ந்தது. அடுத்த ஆண்டு பொருளாதாரம் சரிந்தது. வேலையிழந்தவர்கள் ஊர் ஊராக நடந்தார்கள். அன்றைய சட்டத்தில் பிச்சை எடுப்பதும் வீடில்லாமல் அலைவதும் குற்றம், அதற்குச் சிறை உண்டு. காசைக் கையில் வைத்து அனுப்பிவிடுவதால் ஒன்றும் மாறாது என்று கண்ட போடெல்ஷ்விங், 1882இல் சென்னே என்னும் மணற்காட்டில் வில்ஹெல்ம்ஸ்டோர்ப் என்ற தொழிலாளர் குடியிருப்பைத் தொடங்கினார். வருபவருக்கு உணவு, உடை, படுக்கை, தரிசைப் பண்படுத்தும் வேலை. ஜேர்மனியில் அதுவே முதலாவது. அதைப் பார்த்து வேறு இடங்களிலும் உருவாகின.

1885இல் தொழிலாளர் சொந்த வீடு கட்டச் சேமிக்கும் சங்கம் அமைத்தார். இன்று நம்மில் பலர் மாதாமாதம் பணம் கட்டும் வீட்டுச் சேமிப்புத் திட்டத்துக்கு இந்த நாட்டில் அது ஒரு முன்னோடி. 1890இல் பழைய பொருள்களைச் சேகரித்து மீண்டும் பயன்படுத்தும் நிலையம். சுவிஸ் உறவுகள் புறொக்கன்ஹவுஸ் என்று அறிந்த கடைகளின் தொடக்கமும் அங்கேதான்.

72 வயதில் பிரஷ்யச் சட்டமன்றத்துக்குத் தெரிவானார். பேர்லினில் வீடற்றவர்கள் பெரிய மண்டபங்களில் ஆடுமாடுபோல் அடைந்து கிடப்பதைக் கண்டு, 1905இல் நகருக்கு வெளியே ஹோப்னுங்ஸ்டால் குடியிருப்பை அமைத்தார். அங்கே ஒவ்வொருவருக்கும் சிறியதென்றாலும் தனி அறை. அகதி விடுதியில் முன்பின் தெரியாத பலரோடு ஓர் அறையில் படுத்தவர்களுக்கு அதன் பெறுமதி புரியும். 1907இல் வேலை தேடி அலைவோருக்கான தங்குமிடங்கள் பற்றிய சட்டம் வர அவரே காரணம். 1910 ஏப்ரல் 2இல் காலமானார்.

குறையில்லாத மனிதர் என்று சொல்லவரவில்லை. உழைப்பையே மருந்தாக நம்பினார். வேலை செய்ய மறுப்பவரிடம் கண்டிப்பாக இருந்தார். வேலை செய்ய முடியாத அளவுக்கு மனமும் உடலும் உடைந்தவர்கள் உண்டு என்பதை இன்று நாம் நன்றாக அறிவோம். சோம்பேறி என்ற சொல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் வரலாறு காட்டியது. அவர் இறந்து 23 ஆண்டுகளில் ஆட்சிக்கு வந்த நாசிகள், பிச்சைக்காரரைக் கூட்டங்கூட்டமாகக் கைதுசெய்தார்கள். பின்னர் அலைந்து திரிந்தவர்களை வதைமுகாம்களுக்கு அனுப்பினார்கள்.

நம்மவரில் ஒருவர் தெருவில் குடித்துக் கிடந்தால் பார்வையைத் திருப்பிக்கொண்டு கடந்து போகிறோம். நமக்கு வெட்கம். அவரும் ஒருநாள் நம்மைப் போலவே ஒரு பையோடு வந்திறங்கியவர்தான். வழக்கு நிராகரிக்கப்பட்டோ, குடும்பம் பிரிந்தோ, கடன் ஏறியோ கீழே விழுந்தவர்.

இந்த விடுமுறையில் பெரிதாக எதுவும் வேண்டாம். சமைத்ததில் ஒரு பங்கும் ஒரு குடுவைத் தேநீரும் எடுத்துச் செல்வோம். என்ன தேவை என்று முதலில் கேட்போம். விருப்பமின்றித் தெருவுக்கு வந்தவருக்குத் தங்க இடம் கொடுப்பது இந்நாட்டில் நகராட்சியின் கடமை, அதை அவருக்கு எடுத்துச் சொல்வோம். மொழி தெரியாதவரோடு அலுவலகம் வரை கூடப் போவோம். கடுங்குளிரில் ஒருவர் அசைவின்றிக் கிடந்தால் 112ஐ அழைப்போம்.

நமக்கும் ஒருகாலத்தில் யாரோ கதவைத் திறந்தார்கள். அதை மறக்காமல் இருப்போம்.