பிபி கருவியும் மூளை டாக்டரும்: ஹார்வி குஷிங்

நம் குடியிருப்பில் மருத்துவ முகாம் நடந்தால் நீங்கள் முதலில் போய் உட்காருவது பிபி பார்க்கும் மேஜையில்தான். கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, இரண்டு எண்களைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். இந்தக் கருவி தேவையே இல்லை என்று பெரிய டாக்டர்களே சொன்ன காலம் ஒன்று இருந்தது. அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் விடாமல் வாதாடியவர் ஹார்வி குஷிங். மூளை அறுவை சிகிச்சை இன்று ஒரு தனித் துறையாக இருப்பதற்கும் அவரே முக்கியக் காரணம்.

1869ல் ஓஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில், பத்துப் பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா எல்லாருமே டாக்டர்கள். யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, ஹார்வர்டில் மருத்துவம் படித்தார்.

அந்த மாணவப் பருவத்தில் நடந்த ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். ஆபரேஷனுக்கு முன் ஈதர் கொடுத்து நோயாளியை மயங்கவைக்கும் வேலையை அப்போது மாணவர்கள் தலையில் கட்டிவிடுவார்கள். முறையான பயிற்சி கிடையாது. குஷிங் மயக்க மருந்து கொடுத்த ஒரு நோயாளி இறந்துபோனார். படிப்பையே விட்டுவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்கு அவர் இடிந்துபோனார். ஆனால் விடவில்லை. யார் நன்றாக மயக்கம் கொடுப்பது என்று உடன் படித்த காட்மனோடு பந்தயம் கட்டினார். ஆபரேஷன் நடக்க நடக்க நாடித்துடிப்பையும் மூச்சையும் இருவரும் தாளில் குறித்துக்கொண்டே வந்தார்கள். இன்று உங்கள் வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் நடந்தால் மயக்க மருந்து டாக்டர் ஒரு சார்ட் நிரப்புவார் அல்லவா? அதன் மூதாதை அந்தத் தாள்தான்.

பிறகு பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஹால்ஸ்டெட்டிடம் அறுவை சிகிச்சை கற்றார். இடையில் ஐரோப்பா போனார். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் செய்த ஆய்வில் ஒன்றைக் கண்டுபிடித்தார். மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் மூளைக்கு ரத்தம் போவது தடைபடும். அதைச் சமாளிக்க உடல் தன் ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது, நாடி மெதுவாகிறது. தலையில் அடிபட்டு வருபவரிடம் டாக்டர்கள் இன்றும் பயத்தோடு கவனிக்கும் அறிகுறி இது.

1901ல் இத்தாலியின் பாவியா நகர மருத்துவமனையில் ரிவா ரோச்சி செய்த ரத்த அழுத்தக் கருவியைப் பார்த்தார். ஊருக்குத் திரும்பும்போது அதன் மாதிரியைக் கையோடு கொண்டுவந்து, தம் நோயாளிகளுக்குப் பயன்படுத்தினார். ஹார்வர்டு டாக்டர்கள் ஒரு குழு போட்டு ஆராய்ந்து, பழகிய விரலால் நாடி பார்ப்பதே மேல் என்று முடிவு சொன்னார்கள்! நல்லவேளை, அந்த முடிவு நிலைக்கவில்லை.

1912ல் அவரே ஹார்வர்டுக்குப் பேராசிரியராகப் போனார். அதோடு சேர்ந்த பாஸ்டனின் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் 20 ஆண்டுகள். மண்டையைத் திறந்தால் பிழைப்பது அரிது என்றிருந்த காலம் அது. பெரிய எதிரி ரத்தப்போக்கு. சின்ன வெள்ளிக் கிளிப்புகளால் ரத்தக் குழாய்களைக் கவ்வும் முறையை 1911லேயே கொண்டுவந்திருந்தார். 1926ல் போவி என்பவர் செய்த மின்சாரக் கருவியால் ரத்தக் குழாய்களைச் சுட்டு அடைத்தார். முன்பு ரத்தம் பெருகியதால் தொட முடியாமல் விட்ட கட்டிகளை, அதே நோயாளிகளைத் திரும்ப அழைத்து எடுத்தார். 1931க்குள் 2,000 மூளைக்கட்டி நோயாளிகளைக் கண்டுவிட்டார். அவர் கையில் இறப்பு நூற்றுக்குப் பத்து என்ற அளவுக்கு இறங்கியிருந்தது.

இறந்தவர்களையும் அவர் மறைக்கவில்லை. ஒவ்வொருவரின் புகைப்படம், தம் கையால் வரைந்த படம், எடுத்த கட்டி எல்லாவற்றையும் சேர்த்துவைத்தார். பிழைத்துப் போனவர்களிடமும் எப்படி இருக்கிறீர்கள் என்று கடிதம் வழியே விசாரித்துக்கொண்டிருந்தார். இந்தக் களஞ்சியத்தைக் கட்டிக்காத்தவர் லூயிஸ் ஐசன்ஹார்ட் என்ற பெண்மணி. அவரிடம் எழுத்து வேலைக்கு வந்து, பிறகு தாமே மருத்துவம் படித்து, மூளைக்கட்டிகளில் நிபுணரானவர். இவரைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

குஷிங் பழகுவதற்கு இனிமையானவர் அல்லர். நோயாளியிடம் காட்டிய பொறுமையில் பாதியை உதவி டாக்டர்களிடம் காட்டியிருக்கலாம். 1926ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு காலை, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மூத்த மகன் கார் விபத்தில் இறந்த செய்தி வந்தது. காத்திருந்த நோயாளிக்கு அன்று ஆபரேஷனை முடித்துவிட்டுத்தான் அவர் வீடு திரும்பினார். இதைக் கடமை என்பதா, கல்நெஞ்சம் என்பதா? எனக்கு இன்னும் பிடிபடவில்லை. குருவாக மதித்த வில்லியம் ஆஸ்லரின் வாழ்க்கை வரலாற்றை எழுதியதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்ததும் அதே 1926ல்தான்.

கடைசிக் காலத்தில் யேலுக்குத் திரும்பினார். 1939 அக்டோபரில் மாரடைப்பால் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் அவர் மூளைக்குள்ளேயே ஒரு சிறு நீர்க்கட்டி இருந்தது தெரிந்தது.

அவருடைய கண்ணாடிச் சாடிகள் பிறகு யேல் மருத்துவ மாணவர் விடுதியின் பேஸ்மென்ட்டில் பல்லாண்டு தூசி படிந்து கிடந்தன. இரவில் மாணவர்கள் திருட்டுத்தனமாக உள்ளே நுழைந்து பார்த்துவிட்டு வருவார்களாம். கடைசியில் ஒருவழியாகச் சுத்தம் செய்து, 2010ல் அங்குள்ள மருத்துவ நூலகத்தில் காட்சிக்கு வைத்தார்கள். சாடிகளோடு அந்த நோயாளிகளின் முகங்களும் இருக்கின்றன.