இரவில் மலரும் பூவுக்கு நேரம் குறித்தவர்

புதுக்கோட்டையை அடுத்த திருக்கோகர்ணத்தில், பாறையைக் குடைந்து அமைத்த கோகர்ணேசுவரர் ஆலயத்துக்குத் தலவிருட்சம் மகிழ மரம். மகிழம்பூ இருட்டிலே மலர்ந்து, விடியற்காலையில் உதிர்ந்து, பொறுக்க வருகிறவர்களுக்காகத் தரையெங்கும் மணத்துக் கிடக்கும். மகிழுக்கு இலஞ்சி என்று இன்னொரு பெயரும் உண்டு. தாவர சாஸ்திரிகள் இந்த மரத்தை மிமுசோப்ஸ் எலெங்கி என்கிறார்கள். எலெங்கி என்பது வேறொன்றுமல்ல; மலையாள நாட்டார் சொல்லும் இலஞ்சியேதான். கொச்சியில் டச்சுக்காரர்களின் தலைவராக இருந்த வான் ரீட் தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிகஸ்' என்ற பெருநூலில் அந்தச் சொல் ஏறியது. அதிலிருந்து எடுத்து, 1753-ல் உலகத்துக்கெல்லாம் பொதுப் பெயராக்கியவர் ஒரு ஸ்வீடன் தேசத்தார். கார்ல் லின்னேயஸ் என்பது அவர் பெயர்.

மகிழை விடுங்கள். இப்போது வீட்டுக்கு வீடு தொட்டியில் வளர்த்து, பூக்கிற அன்று அக்கம்பக்கத்தாரை அழைத்துக் காட்டுகிறார்களே, பிரம்ம கமலம், நிஷாகந்தி என்றெல்லாம் பெயர் சொல்லி. அந்தச் செடியின் கதையிலும் இந்த மனிதர் வருகிறார்.

உண்மையான பிரம்ம கமலம் இமயமலையில் பனிக்கு அருகே பூப்பது. நம் வீட்டுத் தொட்டியில் இருப்பது மெக்ஸிகோ பக்கத்திலிருந்து வந்த ஒரு கள்ளி. கள்ளி என்றால் முள் இருக்க வேண்டாமா என்று கேட்கலாம். இது பாலைவனக் கள்ளியல்ல. காட்டில் பெரிய மரங்களின் கிளைகளில் தொற்றி வாழ்வது. ஆகையால் கொளுத்தும் வெயில் இதற்கு ஆகாது. வேரில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். இலை போன்ற பாகத்தில் ஒரு துண்டை நறுக்கி, காயம் ஆறவிட்டு, இலை மக்கும் மணலும் கலந்த மண்ணில் ஊன்றினால் வேர் பிடித்துவிடும். பூவுக்குத்தான் பொறுமை வேண்டும். இரண்டு மூன்று வருஷம்கூட ஆகலாம். மொட்டு முதலில் தலை தொங்கிக் கிடக்கும். பிறகு காம்பு கொக்கியைப் போல வளைந்து மொட்டு நிமிரும். மலரும் நாளன்று பிற்பகலிலேயே பருத்துவிடும். அன்றிரவு அந்த வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. எட்டு ஒன்பது மணிக்கு இதழ் விரியத் தொடங்கி, நடுநிசியில் முழுதும் விரிந்து, விடியுமுன் துவண்டுவிடும். வந்து பார்க்காதவர் பார்க்காதவர்தான்.

லின்னேயஸ் இந்தச் செடியைக் கண்டதில்லை. இதன் நெருங்கிய உறவான மற்றொன்றை அறிந்து, 1753-ல் காக்டஸ் பிலாந்தஸ் என்று பெயரிட்டார். இலையில் பூப்பது என்று பொருள். பார்ப்பதற்கு அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அது இலையல்ல, தட்டையாகிப்போன தண்டு. பின்னால் 1812-ல் ஹாவொர்த் என்ற ஆங்கிலேயர் இந்த இனத்தைத் தனியே பிரித்து எபிபில்லம் என்றார். அதற்கும் இலைமேல் என்றுதான் அர்த்தம்! பெரியவர்களின் கண்ணையே ஏமாற்றிய செடி இது.

லின்னேயஸ் 1707 மே 23-ல், ராஷுல்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் பாதிரியார், தோட்டத்தில் மோகம் கொண்டவர். மகனும் பாதிரியாராக வேண்டும் என்பது வீட்டாரின் விருப்பம். மகனுக்கோ புத்தகத்தைவிடப் பூண்டுகளின்மேல்தான் நாட்டம். வைத்தியம் படிக்க 1728-ல் உப்சாலா சர்வகலாசாலைக்குப் போனபோது கையில் காசில்லை. தேய்ந்த செருப்புக்குள் காகிதத்தை மடித்து வைத்து நடந்தார் என்று சொல்வார்கள். அந்த வறுமையில் வீட்டில் இடம் கொடுத்துச் சோறு போட்டவர் ஓலோப் செல்சியஸ் என்ற பேராசிரியர். ஜுரம் பார்க்கும்போது இத்தனை டிகிரி செல்சியஸ் என்கிறோமே, அந்தச் செல்சியஸுக்கு இவர் சிறிய தகப்பனார் முறை.

பிறகு சாரா என்ற பெண்ணை மணக்க விரும்பினார். பெண்ணின் தகப்பனார் டாக்டர். வைத்தியப் பட்டம் பெற்று வா, பிறகு பார்க்கலாம் என்ற பாணியில் தவணை வைத்துவிட்டார். 1735-ல் ஹாலந்துக்குப் புறப்பட்ட லின்னேயஸ், பட்டத்தைச் சில நாட்களிலேயே வாங்கிவிட்டார்; ஆனாலும் கலியாணம் நடந்தது 1739-ல்தான். காத்திருப்பது அவருக்குப் பழகிப்போன விஷயம்.

ஹாலந்தில் ஜார்ஜ் கிளிபோர்டு என்ற கோடீசுவரரின் ஹார்ட்டெகாம்ப் தோட்டத்தில் வேலை கிடைத்தது. கண்ணாடி வீடுகளுக்குள் உஷ்ண தேசத்துச் செடிகள் நிறைந்த தோட்டம் அது. அங்கே ஒரு வாழை நின்றது, பூக்கவில்லை. நம் கொல்லைப்புறத்தில் சாக்கடை ஓரத்தில் தானாகக் குலை தள்ளுகிற வாழைக்கு அங்கே என்ன உபசாரம் தெரியுமா? மண்ணை மாற்றி நல்ல உரமண் போட்டார். பிறகு சில வாரங்கள் சொட்டுத் தண்ணீர் காட்டவில்லை. அப்புறம் மழை கொட்டுவதுபோல் ஊற்றினார். அது பிறந்த நாட்டின் கோடையும் மழையும் எப்படியோ அப்படியே நடத்தினார். 1736-ல் வாழை பூத்தது. ஊர் திரண்டு வந்து பார்த்தது. லின்னேயஸ் அந்த ஒரே மரத்தைப் பற்றி ஒரு புத்தகமே எழுதி அச்சிட்டுவிட்டார்.

1741-ல் உப்சாலாவில் பேராசிரியரானார். பாழாய்க் கிடந்த சர்வகலாசாலைத் தோட்டத்தைச் சீர்படுத்தி, குளிருக்கு அடங்காத செடிகளுக்காகக் கணப்பு வைத்த வீடு அமைத்தார். எந்தப் பூ எத்தனை மணிக்குக் கண் திறக்கிறது, எப்போது மூடுகிறது என்று குறித்துக்கொண்டே வந்தார். 1751-ல் வெளிவந்த நூலில் அந்தக் குறிப்புகளை மணிக்கணக்காக அடுக்கி, பூக்களாலேயே ஒரு கடிகாரம் என்று காட்டினார். காலையில் மலர்பவை ஏராளம். இரவுக் கட்டத்தில் இடம்பெற்ற பூக்களுள் ஒன்று பெரும்பூக் கள்ளி. ஒன்பது மணிக்குமேல் திறப்பது. நம் நிஷாகந்திக்கு ஒன்றுவிட்ட சகோதரி என்றே சொல்லலாம்.

கள்ளியால் அவர் பட்ட துன்பமும் ஒன்று உண்டு. அமெரிக்கச் சப்பாத்திக்கள்ளியில் வாழும் ஒரு பூச்சியிலிருந்து அருமையான சிவப்புச் சாயம் எடுப்பார்கள். அதன் வியாபாரம் முழுதும் ஸ்பானியர் கையில். அந்தப் பூச்சியை ஸ்வீடனில் வளர்த்துவிட்டால் நாட்டுக்குச் செல்வம் கொழிக்கும் என்று லின்னேயஸ் கனவு கண்டார். சீடர் ரோலாண்டர் 1756-ல் சுரினாமிலிருந்து பூச்சியோடு ஒரு கள்ளியை அனுப்பிவைத்தார். செடி தோட்டத்துக்கு வந்த சமயம் ஆசிரியர் வகுப்பில் இருந்தார். தோட்டக்காரர் பார்த்தார்: அருமையான செடியில் அசிங்கமான பூச்சி. ஒன்று விடாமல் துடைத்துக் கழுவி, சுத்தமாக நட்டுவிட்டார். லின்னேயஸ் வந்து பார்த்தபோது செடி இருந்தது, பூச்சி இல்லை. அன்று அவரைப் பிடித்த ஒற்றைத் தலைவலி லேசில் விடவில்லையாம்.

இதே கனவைச் சென்னையிலும் ஒருவர் கண்டார். கும்பினியாரின் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன், சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். 1795-ல் இந்தியாவுக்கு வந்த பூச்சியோ மட்டரகம். நல்ல சாயம் கிடைக்கவில்லை. நம் பக்கத்துச் சப்பாத்திக்கள்ளிப் புதர்கள்தான் அழிந்தன.

ஆனால் லின்னேயஸ் கொடுத்த பெரிய விலை பூச்சியல்ல, மனிதர்கள். உலகத்துச் செடிகளையெல்லாம் ஒரே புத்தகத்தில் அடக்கிவிட வேண்டும் என்ற வேட்கையில் சீடர்களைத் திசைதோறும் அனுப்பினார். முதலில் போன டெர்ன்ஸ்ட்ரோம், சீனா போகும் வழியில் 1746-ல் ஒரு தீவில் இறந்தார். பிள்ளைகளோடு தவித்த மனைவி, என் புருஷனை நீர்தான் கொன்றீர் என்ற விதமாக லின்னேயஸைக் குற்றம் சாட்டினாள். அதன்பின் கலியாணமாகாதவர்களையே அனுப்புவதென்று முடிவு செய்தார். அதுவும் ஒரு பரிகாரமா என்று கேட்கத் தோன்றுகிறது. ஹாசல்க்விஸ்ட் 1752-ல் ஸ்மிர்னா அருகே, லோப்ளிங் 1756-ல் வெனிசுவேலாவில், போர்ஸ்கால் 1763-ல் ஏமனில், மூவரும் இளைஞர்கள். கலியாணமாகாதவர்களுக்குத் தாய் தகப்பன் இல்லையா?

தமிழ்நாட்டுக்கு வந்தவர் கோனிக். டென்மார்க்காரரின் தரங்கம்பாடிக்கு வைத்தியராக 1768-ல் வந்து சேர்ந்தார். ஆர்க்காட்டு நவாபிடமும் பிறகு கும்பினியிடமும் உத்தியோகம் பார்த்துக்கொண்டே செடிகளைச் சேகரித்து, உலர்த்தி, உப்சாலாவுக்கு அனுப்பினார். ஊர் திரும்பவேயில்லை, 1785-ல் காக்கிநாடா பக்கத்தில் காலமானார். அவருக்கு முன்பே குருநாதர் போய்விட்டிருந்தார்.

லின்னேயஸுக்கு 1774-ல் பாரிச வாயு கண்டது. ஆயிரக்கணக்கான உயிர்களுக்குப் பெயர் வைத்தவருக்குப் பெயர்கள் மறந்துபோயின. தாம் எழுதிய புத்தகத்தையே யாரோ எழுதியது என்று எண்ணி ரசித்துப் படித்தார் என்பார்கள். 1778 ஜனவரி 10-ல் உயிர் பிரிந்தது. மகனும் 1783-ல் இறந்தபின், பெண்களின் வாழ்வை எண்ணிச் சாரா அம்மையார் சேகரத்தையெல்லாம் ஸ்மித் என்ற ஆங்கிலேய இளைஞருக்கு விற்றார். 1784-ல் எல்லாம் கப்பலேறி லண்டன் போயிற்று. கோனிக் தரங்கம்பாடிப் பக்கம் பறித்து, உலர்த்தி அனுப்பிய நம் ஊர்ச் செடிகளும் காகிதத்தில் ஒட்டியபடி அங்கே லின்னேயன் சங்கத்தின் காப்பறையில் இருக்கின்றன.