ஜகதீச சந்திர போஸ்

கண்டமங்கலம் போன்ற சிற்றூர்களிலும் இந்நாளில் கைப்பேசி ஒலிக்கக் கேட்கின்றோம். கம்பியின்றிச் செய்தியைச் சுமந்து செல்லும் மின்காந்த அலைகளை ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் ஜகதீச சந்திர போஸ் ஆவார்.

இவர் 1858-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30-ஆம் நாள் வங்காளத்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் கற்றுத் திரும்பி, 1885-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பௌதிகப் பேராசிரியரானார். வெள்ளையருக்கு ஓர் ஊதியமும் இந்தியருக்கு அதனிற் குறைந்த ஊதியமும் வழங்கிய காலம் அது. குறைந்த ஊதியத்தைத் தொட மறுத்து மூன்றாண்டுகள் பாடம் நடத்தினார். இறுதியில் முழு ஊதியமும் நிலுவையுடன் வந்தது.

அவருடைய ஆய்வுக்கூடமோ ஒரு சிற்றறை. துணைக்கு இருந்தவர் தகரவேலை செய்யும் தொழிலாளி ஒருவர். அங்கேதான் ஐந்து மில்லிமீட்டர் நீளமே உள்ள அலைகளை எழுப்பும் கருவிகள் உருவாயின. இரயில்வே கால அட்டவணை நூலின் ஏடுகளுக்கிடையே வெள்ளீயத் தாள்களைச் செருகியும், சணலை முறுக்கி வைத்தும் அவ்வலைகளின் இயல்பை அவர் ஆராய்ந்த திறத்தை என்னென்பது! 1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில் அவ்வலைகள் சுவரை ஊடுருவிச் சென்று, அப்பால் இருந்த மணியை ஒலிப்பித்தன, வெடிமருந்தையும் பற்றவைத்தன.

ஆய்வறையில் பிறந்த கருவி அங்காடிக்குச் செல்லும் வேளை வந்தது. 1901-இல் இலண்டனில் அவர் சொற்பொழிவாற்றவிருந்தபோது, பெயர்பெற்ற தந்திக் குழுமத்தின் உரிமையாளர் ஒருவர் அவரை நாடி வந்தார். கருவியின் நுட்பத்தை வெளியிடாது காத்துக் காப்புரிமை பெற்றால், ஆதாயத்தில் பாதி தருவதாக வேண்டினார். அறிவை விலைபேசுதல் தகாது எனக் கொண்ட போஸ், அதனை மறுத்து, அவையில் யாவற்றையும் விளக்கினார். ஆயினும் நண்பர்கள் விடவில்லை. அவர்களது வற்புறுத்தலால் ஈயக் கனிமத்தாலான அலையுணர் கருவிக்கு அமெரிக்க நாட்டில் விண்ணப்பம் செய்யப்பட்டு, 1904-இல் காப்புரிமையும் கிடைத்தது. அவரோ அதனால் ஒரு காசும் ஈட்ட முயலவில்லை, உரிமை காலாவதியாயிற்று.

அதே 1901-இன் இறுதியில் மார்க்கோனி அட்லாண்டிக் கடலைக் கடந்து வந்த குறியொலியைக் கேட்டார். அதற்குப் பயன்பட்ட பாதரசக் கருவி, போஸ் 1899-இல் வெளியிட்ட அமைப்பின் வழிவந்ததே என்பதைப் பிற்கால ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். மார்க்கோனியின் பின்னே வணிகக் குழுமம் இருந்தது, பட்டறை இருந்தது, முதலீடு இருந்தது. போஸின் பின்னே இவற்றுள் ஒன்றுமில்லை. அவருடைய துறவுள்ளம் போற்றற்குரியதே. எனினும், கருவியைத் தொழிலாக்க வல்லார் அன்று நம் நாட்டில் இல்லாமற் போனது பெரிய இழப்பு என்றே எனக்குத் தோன்றுகின்றது.

பின்னர் அவர் உள்ளம் தாவரங்களின் உணர்வை ஆராய்வதில் ஈடுபட்டது. 1917-இல் கல்கத்தாவில் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவினார். 1937-ஆம் ஆண்டு நவம்பர் 23-இல் மறைந்தார். அவர் சிற்றறையில் எழுப்பிய ஐந்து மில்லிமீட்டர் அலைகளைக் கொண்டு, கட்டடத்துக்குக் கட்டடம் செய்தி கடத்தும் வலையமைப்புக் கருவிகளை இக்காலத்து நிறுவனங்கள் செய்து விற்கின்றன.