செவியிழந்த கம்மியர்

ஹைரம் ஸ்டீவன்ஸ் மாக்சிம் 1840 பிப்ரவரி 5ஆம் நாள் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துச் சாங்கர்வில் என்னும் சிற்றூரில் பிறந்தார். பதினான்கு வயதில் வண்டி செய்யும் தொழில் பழகப் புகுந்தவர். கல்லூரி வாயில் மிதித்தவரல்லர். மின்விளக்குத் துறையில் எடிசனோடு போட்டியிட்ட பின்னர் இலண்டன் சேர்ந்தார். அங்கே ஹாட்டன் கார்டன் பட்டறையில் 1884இல் தம் இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கினார். சுடுவோர் தோளை இடிக்கும் பின்னுதைப்பை உலகம் தொல்லையென்றே எண்ணியிருந்தது. அவரோ அதனை ஏவலாளாக்கினார். அவ்விசையே வெற்றுக் கூட்டை வெளியே எறிந்தது. கித்தான் பட்டையை இழுத்தது. அடுத்த தோட்டாவைக் குழலில் இட்டது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 600 தோட்டாக்கள்!

பிரித்தானியப் படைக்கெனச் செய்யப்பட்ட தொடக்கக்காலத் துப்பாக்கிகள் 0.45 அங்குலக் குழலும் கரும்புகை கக்கும் மருந்தும் கொண்டவை. 1888இல் அப்படை 0.303 அங்குலத் தோட்டாவுக்கு மாறியது. சில ஆண்டுகளில் புகையில்லா மருந்தும் வந்தது. பழைய துப்பாக்கிகளைத் தூக்கியெறியாமல் புதிய அளவுக்கு மாற்றியமைத்தனர். குழலை மட்டும் மாற்றினால் போதுமென்று தோன்றும், போதாது. உதைப்பினால் இயங்கும் கருவியில் தோட்டா மாறினால் உதைப்பும் மாறும். பட்டையும் பூட்டும் அதற்கு இயைய வேண்டும். வெண்பாவில் ஒரு சீரை மாற்றிவிட்டுத் தளை தட்டாமல் காக்கப் பாடுபட்டோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ரஷ்யரும் தம் 10.67 மில்லிமீட்டர் மாக்சிமை 7.62க்குக் கொணர்ந்தனர்.

1898இல் சூடானின் ஓம்துர்மானில் ஒரு காலைப்பொழுதுக்குள் பத்தாயிரம்பேர் அளவில் மடிந்தனர். எதிரணியில் மாண்டோர் ஐம்பதின் அளவினரே. அங்கே முழங்கியவற்றுள் மாக்சிமும் உண்டு. 1901இல் அவருக்குச் சர் பட்டம் கிடைத்தது.

அவர் நல்லவரா என்று மாணவியர் வினவுவதுண்டு. எளிதில் விடை சொல்ல இயலவில்லை. நீராவியால் இயங்கும் பறக்கும் பொறி ஒன்றை 1894இல் தண்டவாளத்திலிருந்து சற்றே எழச் செய்தார். உடன்பிறந்த ஹட்சனோடு புகையில்லா மருந்தின் உரிமை குறித்துப் பகைத்தார். மார்புச்சளியால் வருந்தித் தமக்கென மென்தால் உறிஞ்சுகுழல் ஒன்று செய்து விற்றபோது, அது போலி மருத்துவமென்று அறிஞர் சிலர் முகம் சுளித்தனர். கொல்லும் கருவிக்குப் புகழும் நோய் தணிக்கும் கருவிக்கு இகழும் கிடைத்ததை எண்ணி அவர் கசந்தார். அந்தக் கசப்பில் நியாயம் உண்டென்றே எனக்குப் படுகிறது.

தம் துப்பாக்கியின் ஓசையே அவர் செவிப்புலனைப் பறித்தது. 1916 நவம்பர் 24ஆம் நாள் இலண்டனில் இறந்தார். சோம் ஆற்றங்கரைப் பெரும்போர் ஓய்ந்து ஆறு நாளே ஆகியிருந்தது. அக்களத்தில் ஜெர்மானியர் இயக்கியது 7.92 மில்லிமீட்டர் மாக்சிம். எதிரே ஆங்கிலேயர் இயக்கியது, அதன் வழிவந்த 0.303 விக்கர்ஸ்.