முயல் கதை எழுதியவர் செம்மறி ஆடுகளைக் காப்பாற்றியது எப்படி? யார் இந்த பியாட்ரிக்ஸ் பாட்டர்?

நீல ஜாக்கெட் போட்ட குட்டி முயல் 'பீட்டர் ராபிட்'டை சினிமாவிலோ கார்ட்டூனிலோ பார்த்திருப்பீங்க. அதை உருவாக்கியவர் பியாட்ரிக்ஸ் பாட்டர். ஆனா, முயல் கதையில் வந்த பணத்தை வைத்து அவர் ஒரு செம்மறி ஆட்டு இனத்துக்காகவே பாடுபட்டார் என்பது பலருக்குத் தெரியாது.

முயலில் தொடங்கிய பயணம்

1866-ல் லண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்தார் பியாட்ரிக்ஸ். பள்ளிக்கூடம் போகவில்லை, படிப்பெல்லாம் வீட்டில்தான். பீட்டர் என்பது அவர் நிஜமாகவே வளர்த்த முயலின் பெயர். உடம்பு சரியில்லாத ஒரு சிறுவனுக்கு 1893-ல் எழுதிய படக்கடிதம்தான் கதையின் விதை. பதிப்பகங்கள் கைவிரித்ததால், 1901-ல் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சடித்தார். அடுத்த ஆண்டு ஃபிரெடரிக் வார்ன் நிறுவனம் வெளியிட்டதும் புத்தகம் செம ஹிட்!

1905-ல் அவரது எடிட்டர் நார்மன் வார்னுடன் திருமணம் நிச்சயமானது. ஒரே மாதத்தில் நார்மன் இறந்துவிட்டார். அதே ஆண்டு, இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் 'ஹில் டாப்' பண்ணையை வாங்கினார் பியாட்ரிக்ஸ்.

ஹெர்ட்விக்கில் என்ன ஸ்பெஷல்?

ஹெர்ட்விக் அந்த மலைகளின் பாரம்பரிய இனம். குட்டிகள் கறுப்பாகப் பிறந்து, வளர வளர வெளுக்கும். வேலியே இல்லாத மலையில், தன் மந்தையின் மேய்ச்சல் எல்லையைத் தாயிடமிருந்து குட்டி கத்துக்கும். அதனால் ஒரு மந்தையை விற்றுவிட்டால், வேறு ஆடுகளை வாங்கிவிட்டு அந்த இடத்தை நிரப்ப முடியாது. ஆனா, இதன் கம்பளி முரடு, விலையும் குறைவு. எனவே விவசாயிகள் வேறு இனங்களுக்கு மாறத் தொடங்கினர்.

பியாட்ரிக்ஸ் மாறவில்லை. 1920-களில் 'டிரவுட்பெக் பார்க்' என்ற பெரிய பண்ணையை வாங்கி, அனுபவமுள்ள மேய்ப்பர்களோடு ஹெர்ட்விக் வளர்த்தார், கண்காட்சிகளில் பரிசும் வென்றார். 1943-ல் ஹெர்ட்விக் வளர்ப்போர் சங்கத் தலைவராகத் தேர்வானார். பதவியேற்கும் முன்பே, டிசம்பரில், 77 வயதில் காலமானார்.

உயிலில் ஒரு நிபந்தனை

4,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை 'நேஷனல் டிரஸ்ட்' அமைப்புக்கு எழுதி வைத்தார். கூடவே, மலைப் பண்ணைகளில் கலப்பில்லாத ஹெர்ட்விக் மந்தைகள் தொடர வேண்டும் என்றும் நிபந்தனை போட்டார். குத்தகைதாரர் மாறினாலும் மந்தை பண்ணையோடு இருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

2001-ல் பிரிட்டனில் கோமாரி நோய் பரவியபோது ஏராளமான ஹெர்ட்விக் ஆடுகள் கொல்லப்பட்டன. தப்பிய மந்தைகளிலிருந்து இனம் மீண்டு வந்தது. அந்த மலைகளில் ஹெர்ட்விக் இன்றும் மேய்கிறது.